மணலைக் கட்டும் கொடிகள்

நெய்தல் நிலத்தைப் புலவர்கள் பாடினர். தாவரவியல் மாணவனாகிய நான் அதைக் கையில் குறிப்பேட்டுடன் காணச் சென்றேன். எங்கள் வகுப்புக் களப்பயணத்தில், சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தை அடுத்த மணல்மேட்டில், அலையோரத்திலிருந்து உள்நோக்கிக் கயிறு பிடித்து, அதன் வழியே கண்ட செடிகளை வரிசையாக எழுதினோம். சில நூறு அடி நடப்பதற்குள் பல ஆண்டுக் கதையைப் படித்துவிட்டோம்! இடத்தின் மாற்றத்தில் காலத்தின் மாற்றத்தைக் காணலாம் என்பதை மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளை ஆராய்ந்து 1899-இல் விளக்கியவர் அமெரிக்க அறிஞர் கௌல்ஸ். இதனையே ‘தாவர வழிமுறை வளர்ச்சி’ என்கிறோம்.

சுடுமணல், உப்புக்காற்று, நிலையற்ற தரை. இவற்றை வெல்பவற்றுள் இரண்டைக் காண்போம். ஆட்டுக் குளம்பு போன்ற இலையுடைய அடும்பு, கணுதோறும் வேரூன்றிப் படர்கிறது. இராவணன் மீசை என்னும் முட்புல்லோ, மணல் மூட மூட மேலெழுந்து மீண்டும் வேர்விடுகிறது. இவற்றில் மோதும் காற்று வேகம் குறைந்து, சுமந்து வந்த மணலை அங்கேயே இறக்குகிறது. மேடு வளர்கிறது.

மடிந்த இலைகள் மக்குகின்றன; மழை உப்பைக் கழுவுகிறது; மணல் சற்றே ஈரம் தாங்குகிறது. அப்போது எருக்கும் புதர்களும் வருகின்றன. அவற்றின் பின்னே தாழை, புன்னை, பனை. இங்கேதான் வியப்பு! மணல் அசையாது நின்றதும், அதை நிறுத்திய முன்னோடிகளே நலிகின்றன. புதுமணல் வந்து மூடினால்தான் அவற்றிற்கு வாழ்வு. தாம் அமைத்த வீட்டைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, அவை கடலோரக் காவலுக்கே திரும்புகின்றன எனலாம்.

இடையில் வரிசையாக நிற்கும் சவுக்கு, மனிதன் நட்டது. அது காற்றைத் தடுக்கிறது, விறகு தருகிறது. ஆனால் அதன் சருகு மெத்தையின் கீழ் சிறு செடிகள் அதிகம் முளைப்பதில்லை.

புதுவை நகருக்கு வருவோம். இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியே நகர்கிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக 1980களின் பிற்பகுதியில் எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் அதனை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரின் கடற்கரை கரைந்து, கருங்கல் குவியலே கரையாயிற்று. 2018-இல் கடலடியில் அமைத்த தடுப்புக்குப்பின் ஒரு பகுதியில் மணல் மீண்டது. அங்கே அடும்பைத் தேடினேன். காலடித் தடங்களே கிடைத்தன.

கல் அலையைத் தடுக்கும், மணலைச் சேர்க்காது. பறித்த மணலைக் கடல் திருப்பித் தரும்போது, அதைப் பிடித்து வைக்க ஒரு கொடி வேண்டும். குறிஞ்சிப்பாட்டின் பூக்களில் ஒன்றான அடும்பு நம் கரையில் மீண்டும் பூக்க, நாம் செய்யவேண்டியது பெரிதன்று. கொஞ்சம் இடம் விட்டு, மிதிக்காமல் விலகி நடந்தாலே போதும்.