பறக்காத பலூன்கள்!

கூடைப்பந்து மன்னர்கள் இருவரின் கதை

1969-ம் ஆண்டு, மே 5-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரம். கூடைப்பந்துக் கோப்பை யாருக்கு என்று அன்று முடிவாக வேண்டும். இரண்டு அணிகளும் ஆளுக்கு 3 ஆட்டம் ஜெயித்து விட்டன. இது 7-வது ஆட்டம்!

அரங்கத்தின் கூரையில் ஏராளமான பலூன்கள் தொங்கின. உள்ளூர் "லேக்கர்ஸ்" அணி ஜெயித்ததும் அவற்றைக் கீழே பறக்க விடுவதாக ஏற்பாடு!

ஏன் அவ்வளவு நம்பிக்கை? வில்ட் சேம்பர்லெயின், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் என்று 3 பெரிய வீரர்கள் அந்த அணியில் இருந்தார்கள்.

எதிரே நின்றது பாஸ்டன் நகரத்து "செல்டிக்ஸ்" அணி. அதன் தூண் பில் ரசல். வயது 35. ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே!

5 பேர் ஆட்டம்

கிரிக்கெட் அணிக்கு 11 பேர். கூடைப்பந்தில் 5 பேர்தான் களத்தில் நிற்பார்கள். பந்தைக் கூடையில் போடுவதும் அவர்களே, எதிரியைத் தடுப்பதும் அவர்களே. ஆகவே, ஒரே ஒரு பெரிய வீரர் வந்தாலும் அணியின் தலைவிதி மாறிவிடும்.

ரசல் 1956-ல் பாஸ்டன் அணியில் சேர்ந்தார். அதுவரை அந்த அணி கோப்பையைத் தொட்டதே இல்லை. 1957-ல் வென்றது!

100 புள்ளி!

சேம்பர்லெயின் 7 அடி 1 அங்குல உயரம். 1962-ல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால், அந்த ஆண்டும் கோப்பை பாஸ்டனுக்கே போயிற்று!

காரணம் என்ன? ரசல் புள்ளிகளைக் குவிப்பவர் அல்ல. எதிரி எறியும் பந்தைப் பாய்ந்து தட்டுவார். அதுவும், தன் தோழர்கள் கையில் போய் விழும்படி தட்டுவார்!

சேம்பர்லெயினும் இதை உணர்ந்தார். 1967-ல் பிலடெல்பியா அணியில் இருந்தபோது, முன்பைவிடக் குறைவாகப் பந்தெறிந்தார். மற்றவர்களுக்குப் பந்தை நிறையக் கொடுத்தார். அந்த ஆண்டு பாஸ்டன் தோற்றது. சேம்பர்லெயினுக்கு முதல் கோப்பை கிடைத்தது.

முடிவு

1969-க்கு வருவோம். வெஸ்ட் 42 புள்ளி எடுத்தார். தொடரின் சிறந்த வீரர் என்ற பரிசும் அவருக்கே. இருந்தும் என்ன? 108-106 என்ற கணக்கில் பாஸ்டன் ஜெயித்தது!

13 ஆண்டுகளில் ரசலுக்கு அது 11-வது கோப்பை. அத்துடன் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

ஊர் கூடினால்தான் தேர் ஓடும். ஊரைக் கூட்டி வடம் பிடிக்க வைத்தவர் ரசல்.

பலூன்கள்? அவை கூரையிலேயே தங்கிவிட்டன!