சோறும் கடனும்: முல்லைப்பாட்டின் ஒரு சொல்லும் மொழிபெயர்ப்பும்

போர்ப் பின்னணியில் காதல், இழப்பு, விசுவாசம் ஆகியவற்றைப் பேசும் மரபு தமிழுக்குப் புதியதன்று. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளில் இம்மூன்றையும் இணைக்கிறது. கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லை. நற்சொல் கேட்டும் தலைவி தேறவில்லை. பாசறையில் அரசனும் உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் நினைக்கிறான். அவ்வீரரின் விசுவாசத்தைப் புலவர் 'சோறு' என்னும் சொல்லைக் கொண்டே உணர்த்துகிறார். உண்ட சோற்றுக்கு உரியதைச் செய்து முடித்தவர் அவர். இதுவே செஞ்சோற்றுக்கடன் எனப்படுவது.

இதனை ஆங்கிலத்தில் 'லாயல்டி' எனப் பெயர்த்தால் கருத்து நிற்கும். இட்டவன், உண்டவன் என்னும் உறவு மறையும். சோறிட்டவனே விழித்திருக்கிறான் என்பதில்தான் பாட்டின் துயர் உள்ளது. வீரர் தம் கடனைத் தீர்த்துவிட்டனர். இப்போது கடன்பட்டவன் அரசன்.

உருதுவும் கன்னடமும் வழங்கும் மைசூர் மண்டி மொஹல்லாவின் வாசகருக்கு இவ்வுறவை விளக்க வேண்டியதில்லை. இட்ட உப்புக்கு உண்மையாயிருப்பவனை உருது 'நமக் ஹலால்' என்கிறது. பழங்கன்னடம் இக்கடமையைச் சோளத்தின் பெயரால் 'ஜோளவாளி' என்றது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது தமிழ்ப் பழமொழி. உணவு வேறு, உறவு ஒன்றே.

ஆகவே, நேர்ச்சொல்லைத் தேடுமுன், உணவிட்டவர்க்குரிய கடனை இலக்கு மொழி எப்பெயரால் வழங்குகிறது எனக் காண்பதே மொழிபெயர்ப்பாளரின் முதற்பணியாகும்.