ஊசி முனையில் காயும் பெயின்ற்: எயார்பிரஷ் ஏன் அடம்பிடிக்கிறது?

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கிளிநொச்சியில் நாங்கள் விட்டுவிட்டு வெளிக்கிட்ட வீட்டின் ஒரு புகைப்படம்கூட எங்களிடம் மிஞ்சவில்லை. அந்த வீட்டை இப்போது 1:35 அளவில், அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் செய்துகொண்டிருக்கிறேன். முழு வீடும் முப்பது சென்றிமீற்றருக்குள் அடங்கிவிடும். சுவர் நீலம். மழை தெறித்துத் தெறித்து அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் ஏறியிருக்கும். மேலே போகப் போக அந்தச் சிவப்பு மங்கி நீலத்துக்குள் கரைந்துவிடும். அந்தக் கரைதல் தூரிகைக்கு வரவில்லை. அதற்காகத்தான் எயார்பிரஷ் வாங்கினேன். இரண்டாம் நாளே அது விறாந்தைச் சுவரில் மூன்று பெரிய சிவப்புத் துளிகளைத் துப்பியது.

பழுது என்று நினைத்துப் புது நொசில் ஓடர் செய்தேன். வந்து சேர ஏழு கிழமை. அதற்குள், பழைய நொசிலில் ஒரு குறையும் இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஹெல்மெற், கேக், நகம், பொம்மை என்று எயார்பிரஷ் பிடிக்கிற பலர் இதே தவறைச் செய்கிறார்கள். உதிரிப்பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்காத எங்கள் ஊர்களில் இது காசையும் நாளையும் தின்னும்.

முதலில் கருவி வேலை செய்யும் விதம். முன்பக்கத்தில் இருக்கும் சிறிய கூம்புதான் நொசில். அதன் துவாரம் பொதுவாக 0.2 முதல் 0.5 மில்லிமீற்றர் வரை இருக்கும். அதற்குள் ஒரு கூரிய ஊசி அடைப்பாக உட்கார்ந்திருக்கும். விசையை அழுத்தினால் காற்று வரும்; பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகிப் பெயின்ற் வரும். நொசிலைச் சுற்றி வேகமாகப் பாயும் காற்று பெயின்றை உறிஞ்சித் தூவலாக்குகிறது. ஆகவே அநேகமான கோளாறுகள் ஊசி நுனியைச் சுற்றியுள்ள சில மில்லிமீற்றருக்குள்தான் நடக்கின்றன. கழற்றுவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்.

துப்புகிறதா? அக்ரிலிக் பெயின்ற் எங்கள் வெயிலில் ஊசி நுனியிலேயே காய்ந்து கட்டியாகிவிடும். பிறகு அந்தக் கட்டி துளியாகத் தெறிக்கும். என் விறாந்தைக்கு நடந்தது இதுதான். தின்னரில் நனைத்த பஞ்சால் நுனியை ஒற்றி எடுத்தால் போதும். பெயின்றைப் பால் பதத்துக்குக் கரையுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேர்த்தால் இன்னும் நல்லது. விசையை விடும்போது முதலில் ஊசியை முன்னுக்கு விட்டுப் பெயின்றை நிறுத்துங்கள். காற்றை அதற்குப் பிறகே நிறுத்த வேண்டும். இந்தப் பழக்கம் விரலுக்கு வர எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

கிண்ணத்துக்குள் குமிழி வந்தால், காற்று முன்னால் போகாமல் பின்னால் ஏறுகிறது என்று பொருள். நொசிலோ அதன் மூடியோ தளர்ந்திருக்கலாம், அல்லது நொசில் வெடித்திருக்கலாம். தூவல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊசி நுனியைப் பாருங்கள், அநேகமாக வளைந்திருக்கும். சிறிய வளைவென்றால், ஊசியைக் கண்ணாடித் துண்டில் படுக்கவைத்து நகத்தால் மெல்ல உருட்டி நிமிர்த்தலாம். விசையை இழுக்காமலே பெயின்ற் கசிந்தால் ஊசி சரியாக உட்காரவில்லை. பெயின்ற் சிலந்திக்கால் போல ஓடினால், அதிகம் கரைத்துவிட்டீர்கள் அல்லது மிகக் கிட்டப் பிடிக்கிறீர்கள். சிறு மாதிரிகளுக்கு 15 முதல் 25 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதுமானது.

மாரி காலத்தில் இன்னொரு தொல்லை வரும். ஈரக் காற்றைக் கொம்பிரசர் அழுத்தும்போது தண்ணீர் பிரிந்து குழாய் வழியே வந்து பெயின்றோடு தெறிக்கும். இதைப் பெயின்றின் குற்றம் என்று நினைத்து நான் இரண்டு போத்தலை வீணாக்கினேன். ஈரப்பொறி பூட்டுங்கள்; தாங்கி இருந்தால் வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

நல்ல கருவிகள் அநேகமாகக் கழுவும்போதுதான் சாகின்றன. நிறம் மாற்றும்போது கிண்ணத்தில் தண்ணீரோ தின்னரோ விட்டு, தெளிவாக வரும்வரை ஊதுங்கள். நாள் முடிவில் ஊசியை எடுத்துத் துடையுங்கள். ஊசியைப் பின்னுக்கு இழுத்த பிறகே நொசிலைக் கழற்ற வேண்டும். பூட்டும்போது நொசில் முதலில், ஊசி பிறகு. ஊசியை அழுத்திக் குத்தினால் நொசிலின் வாய் விரிந்துவிடும். நொசிலைத் திருகும்போதும் பலம் வேண்டாம், அந்தச் சின்னப் புரி முறிந்தால் பிறகு வழியில்லை. நொசிலுக்குள் குண்டூசி விடாதீர்கள். ஈர்க்கும் வேண்டாம், நான் விட்டேன், முறிந்து உள்ளேயே நின்றது. முழுக் கருவியையும் தின்னரில் ஊறவிட்டால் றப்பர் வளையங்கள் ஊதிப்போகும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் முலாமையும் பித்தளையையும் அரிக்கும்.

நுரையீரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீரில் கரையும் பெயின்றும் புகாராகிவிட்டால் உள்ளே போய்ப் படியும். யன்னலைத் திறந்துவையுங்கள், துணி முகக்கவசம் போதாது. லக்கர் வகைப் பெயின்றுக்கு, ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசம்தான் வேண்டும். தின்னர் பிடிக்கும் இடத்தில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது. எறிகணைப் புகையும் பங்கர் தூசியும் சுவாசித்து வளர்ந்த எங்களில் பலருக்கு நெஞ்சு ஏற்கெனவே சுகமில்லை.

இடையில் ஒரு செய்தி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் இந்தக் கருவி உருவானபோது, அதன் முக்கிய வேலைகளில் ஒன்று பெருப்பித்த உருவப் புகைப்படங்களைத் திருத்தி நிறமூட்டுவது. பிறகு ஸ்டாலினின் ஆட்சியில், கொல்லப்பட்டவர்களைப் படங்களிலிருந்து அழிக்கவும் இதையே பிடித்தார்கள்.

விறாந்தைச் சுவரைத் தேய்த்து, திரும்ப நீலம் அடித்து, பெயின்றை இன்னும் கரைத்து, 15 பி.எஸ்.ஐயில் செம்மண்ணை நாலு தடவை மெல்லத் தூவினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா. "கிணத்தடிப் பக்கம் இவ்வளவு காணாது தம்பி, அங்க யன்னல் மட்டும் ஏறியிருக்கும்" என்றா. இன்று பின்னேரம் அந்தப் பக்கத்துக்குப் பெயின்ற் கரைக்க வேண்டும்.