தனியாக ஜுவாராவுக்கு: தோளில் ஒரு பை, வீட்டில் ஒரு தாள்

"தனியாவா போற? கூட யாரும் வரலையா?"

முதுகுப்பையைத் தூக்கும் எந்தப் பெண்ணும் நம் வீடுகளில் முதலில் சந்திக்கும் கேள்வி இது. பல வீடுகளில் ஆண்களுக்கும் இதே கேள்விதான். நமக்குச் சுற்றுலா என்றாலே வேன் நிறைய ஆள், பாத்திரம் நிறைய புளிச்சாதம். அதில் ஒரு சுகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகும் இளையோர் பலருக்கு, ஒருமுறையாவது தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்லும் இடம், தியோமான் தீவில் இருக்கும் ஜுவாரா.

மலைக்கு அந்தப் பக்கம்

தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் பெரும்பாலோர் படகு ஏறுவது ஜொகூரின் மெர்சிங்கில். தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் எல்லாம் தீவின் மேற்குக் கரையில் இருக்கின்றன. கிழக்குக் கரையில் இருக்கும் ஒரே கிராமம் ஜுவாராதான். நடுவில் காடடர்ந்த மலை. தெக்கெக்கிலிருந்து செங்குத்தான சாலையில் நான்கு சக்கர இயக்க வண்டி போகும். நடக்கத் தெம்பிருந்தால் காட்டுப் பாதையும் உண்டு. ஏறக்குறைய 7 கிலோமீட்டர், 2 முதல் 3 மணி நேரம். தனியாக நடப்பவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். காட்டுக்குள் சீக்கிரம் இருட்டிவிடும்.

மெர்சிங்கில் ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைவு. அதனால் படகு நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மாறும். போன மாதம் நண்பர் சொன்ன நேரத்தை நம்பாமல், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். தேவையான ரொக்கத்தையும் மெர்சிங்கிலேயே எடுத்துவிடுங்கள்.

விடுதி எப்படி?

நான் தங்கியது மரத்தாலான சிறு குடில். ஒரு கட்டில், கொசுவலை, மின்விசிறி, வாசலில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான். குடும்பமாக நடத்தும் விடுதியைத் தேர்ந்தெடுங்கள் என்பது பெண்களுக்கு என் முதல் அறிவுரை. சமையற்கட்டில் இருக்கும் மாக் சிக்குக்கு, இன்று யார் சாப்பிட வரவில்லை என்பது தெரியும். அதுவே பெரிய பாதுகாப்பு.

காலையில் தென்சீனக் கடலுக்கு மேல் சூரியன் எழுவதை வாசலில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கடலாமை முட்டைகளைக் காக்கும் திட்டம் ஒன்றும் அங்கே நடக்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள். 'ஆகாஸ்' எனும் மணல் ஈக்கள் கடிக்கும். கடித்தால் பல நாள் அரிக்கும், பூச்சி மருந்து மறக்க வேண்டாம்.

தனியாகக் குளிப்பவர்கள் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டபின் திரும்புங்கள்.

வீட்டில் ஒரு தாள்

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்" என்பது மட்டும் போதாது. மலையும் காடும் உள்ள தீவில் கைப்பேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காத அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் அம்மா என்னென்ன கற்பனை செய்வார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுவேன். எந்தப் படகு, எந்த விடுதி, விடுதியின் தொலைபேசி எண், திரும்பும் நாள். கடைசி வரி முக்கியமானது: 'இரவு அழைப்பு வராவிட்டால் பதற வேண்டாம். மறுநாள் மதியம் வரை வராவிட்டால் விடுதிக்கு அழைக்கவும்.' இப்படி எழுதத் தொடங்கிய பிறகு அம்மாவின் பயம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பயம் வந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிகிறது. தனியாகப் போவது என்றால் யாருக்கும் சொல்லாமல் போவது அல்ல. கூட ஆள் இல்லாதபோதுதான், நாம் எங்கே இருக்கிறோம் என்பது இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பேசாத நாட்கள்

வானொலியில் இரண்டு நொடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். ஜுவாராவில் இரண்டாம் நாள் முழுக்க நான் பேசியது, நாசி கோரேங் கேட்டதும் 'தெரிமா காசே' சொன்னதும்தான். முதல் இரவு கஷ்டமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், எது அலை, எது மரக்கிளை என்று காதுக்குப் பிடிபட்டது. எப்போது பசிக்கிறது, எப்போது தூக்கம் வருகிறது என்பதை யாரையும் கேட்காமல் முடிவு செய்யலாம். குடும்பத்தோடு போகும்போது கிடைக்காத ஒன்று இது.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. கிழக்குக் கரையில் அலை பெரிதாக இருக்கும், படகுகள் குறையும், பல விடுதிகள் மூடியிருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு செப்டம்பர் வரை நல்ல காலம். அப்போதும், படகு ஓடாமல் போனால் சமாளிக்க விடுப்பில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.