வேதம் சொல்லித் தருபவரைத் தேர்ந்தறிவது எப்படி?



ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் பால் கொட்டகை நன்றாகத் தெரியும். மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றிச் சேர்த்த பாலைக் கொண்டுபோய் வைத்தால், அதன் வெண்மையைப் பார்த்து யாரும் கணக்கு எழுதுவதில்லை. தண்ணீர் கலந்த பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். மிதக்கும் அளவுகருவியை உள்ளே விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்த பிறகே கணக்கில் ஏறும். நேர்மையாகப் பால் கொண்டுவந்தவர் இந்தச் சோதனையைக் கண்டு முகம் சுளிப்பதில்லை.

வேதாகமத்தைக் கற்க விரும்பும் குடும்பங்களுக்கும் இப்படி ஓர் அளவுகருவி தேவைப்படுகிறது. வேதம் சொல்லித் தருகிறோம் என்று வருகிறவர்கள் பலர். சிலர் வீட்டுக்கே வருகிறார்கள். சிலருடைய பேச்சு கைபேசியில் வருகிறது. எல்லார் கையிலும் இருப்பது ஒரே வேதப் புத்தகம். எல்லாரும் அழகாகத்தான் பேசுகிறார்கள். இவர்களில் யாரை நம்புவது? எந்தப் புத்தகத்தை வாங்குவது? இதைப் பற்றித்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். வேதத்தைப் படிக்க ஆசிரியர் வேண்டும் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய நாட்டு உயர் அதிகாரி ஒருவர் வருகிறார். அரசியின் கருவூலத்துக்கே பொறுப்பாளர். தேரில் அமர்ந்து ஏசாயாவின் நூலை வாசித்துக்கொண்டிருக்கிறார். வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, யாராவது வழிகாட்டாவிட்டால் எப்படி விளங்கும் என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். அத்தனை பெரிய பதவியில் இருந்தவரே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றால், நாம் கேட்பதில் என்ன குறைவு?

வேதாகமம் ஒரே மூச்சில் எழுதப்பட்ட ஒரு புத்தகமன்று. அது ஒரு நூல்நிலையம் போன்றது. புரோட்டஸ்டண்டு சபையார் கையில் இருப்பதில் 66 நூல்கள். கத்தோலிக்கர் கையில் இருப்பதில் 73 நூல்கள். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியிலும் சில பகுதிகள் அரமேய மொழியிலும் எழுதப்பட்டவை. புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. இவற்றில் வரலாறு உண்டு, பாட்டு உண்டு, சட்டம் உண்டு, கடிதம் உண்டு. பாட்டைச் சட்டம்போல் படித்தாலும், கடிதத்தை யாருக்கு எழுதியது என்று பாராமல் படித்தாலும் பொருள் மாறிப்போகும்.

இந்த நூல்கள் தமிழுக்கு வந்த வரலாற்றிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1706ஆம் ஆண்டு சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். அப்படிக் கற்றவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சாகி வெளிவந்தது. பிறருக்குச் சொல்லித் தர வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அவருக்குப் பின் பப்ரிசியுஸ் முதலியோர் மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள். 1871இல் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு கூடிச் செய்த திருத்தமே இன்றும் பல சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல். 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் இணைந்து திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். பப்ரிசியுஸ் பராபரன் என்று எழுதிய இடத்தில் 1871இன் திருப்புதல் தேவன் என்கிறது. திருவிவிலியம் கடவுள் என்கிறது. மூலம் ஒன்று, தமிழ்ச் சொல் மூன்று.

ஆகவே, ஒருவர் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் பெரிய போதனை ஒன்றைக் கட்டினால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். இன்னொரு மொழிபெயர்ப்பை எடுத்து அதே வசனத்தைப் பாருங்கள். அங்கே அந்தச் சொல்லே இல்லாமல் போகலாம். அப்போது அவருடைய போதனை எதன்மேல் நிற்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும்.

இனி, நம்பத் தகுந்த ஆசிரியரின் அடையாளங்களைப் பார்ப்போம்.

முதல் அடையாளம், அவர் உங்களைச் சரிபார்க்க விடுவார். பவுல் பெரோயா என்னும் ஊரில் போதித்தபோது, அவ்வூரார் அவர் சொன்னதை ஆவலோடு கேட்டார்கள். ஆனால் அது சரிதானா என்று நாள்தோறும் வேதநூலை ஆராய்ந்தும் பார்த்தார்கள். இதற்காக அவர்களை யாரும் கண்டிக்கவில்லை. நடபடிகள் 17ஆம் அதிகாரம் அவர்களைப் பாராட்டியே பேசுகிறது. பவுலையே சரிபார்க்கலாம் என்றால், இன்று நம் வீட்டுக்கு வருகிறவரைச் சரிபார்க்கக் கூடாதா? கேள்வி கேட்டால் கோபப்படுகிறவர், சந்தேகப்படுவதே பாவம் என்று வாயை அடைக்கிறவர், இந்த அளவுகருவியில் தேறமாட்டார்.

இரண்டாம் அடையாளம், அவரைத் திருத்துவதற்கு யாராவது இருப்பார்கள். அப்பொல்லோ என்பவர் அலெக்சந்திரியாவில் பிறந்தவர், நாவன்மை மிக்கவர், வேதத்தில் தேர்ந்தவர். ஆனால் அவருக்குத் தெரிந்ததில் ஒரு குறை இருந்தது. எபேசு நகரில் அவருடைய பேச்சைக் கேட்ட ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே அழைத்து இன்னும் தெளிவாக விளக்கினார்கள். அந்தக் கணவனும் மனைவியும் என்ன தொழில் செய்தார்கள்? கூடாரம் செய்யும் தொழில். கைத்தொழில் செய்த குடும்பம் ஒரு பேச்சாளருக்குப் பாடம் சொன்னது, அவரும் கேட்டுக்கொண்டார். நமக்குப் படிப்பில்லை, நாம் என்ன கேட்பது என்று ஒதுங்கும் தாய்மார்கள் பிரிஸ்கில்லாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனவே, உங்களிடம் வருகிறவரைப் பணிவாகவே கேளுங்கள்: ஐயா, நீங்கள் எங்கே படித்தீர்கள்? எந்தச் சபையைச் சேர்ந்தவர்? நீங்கள் தவறினால் உங்களைக் கேட்பவர் யார்? நேர்மையானவர் நேரே பதில் சொல்வார்.

மூன்றாம் அடையாளம், வசனத்துக்கு முன்னும் பின்னும் வாசிப்பார். மல்கியா 3ஆம் அதிகாரம் 10ஆம் வசனம் தசமபாகத்தைப் பற்றிப் பேசுகிறது. காணிக்கை கேட்கிறவர்கள் பலரும் எடுத்துக்காட்டும் வசனம் இது. அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போங்கள். கூலிக்காரனின் கூலியைப் பறிக்கிறவர்களையும், விதவையையும் தகப்பனில்லாப் பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களையும் தீர்க்கதரிசி அங்கே கண்டிக்கிறார். உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசியில், மூன்றாம் ஆண்டின் தசமபாகம் லேவியருக்கு மட்டுமல்ல, பரதேசிக்கும் அனாதைக்கும் விதவைக்கும் உணவாக வேண்டும் என்று இருக்கிறது. கொடுப்பதைப் பற்றிய வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு, யாருக்காகக் கொடுப்பது என்ற வசனத்தை மறைப்பது பாதிப் பாடம். ஆசிரியர் முழுப் பாடத்தையும் சொல்ல வேண்டும்.

நான்காம் அடையாளம், பணக் கணக்கு வெளிச்சத்தில் இருக்கும். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தார். அதைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளே தேர்ந்தெடுத்த ஒருவர் உடன் சென்றார். பெருந்தொகை என்பதால் யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று அவரே கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம் 8ஆம் அதிகாரத்தில் காரணம் சொல்கிறார். ஆகவே ரசீது கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

அடையாளங்களைச் சொன்னோம். அபாயங்களையும் சொல்லவேண்டும்.

உலக முடிவுக்குத் தேதி குறிப்பவர்களைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்பது மத்தேயு 24ஆம் அதிகாரத்தின் போதனை. அப்படியிருந்தும் அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22ஆம் நாளுக்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள். அதே நாட்டில் ஹெரால்ட் கேம்பிங் என்னும் வானொலிப் பேச்சாளர் 2011 மே 21 என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அதை நம்பிச் சேமிப்பைச் செலவழித்தவர்களும் உண்டு. அந்த நாள் மற்ற நாட்களைப்போலக் கடந்தது. 2012இல் அவரே தம் தவறை ஒப்புக்கொண்டார். ஆனால் செலவான பணம் திரும்பவில்லை. வானொலியில் ஒருவர் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, நேயர்களே. இந்தப் பேச்சுக்கும் அது பொருந்தும்.

குடும்பத்தைப் பிரிக்கிறவர்களிடமும் கவனம் தேவை. எங்களோடு மட்டும் பேசு, வீட்டாரிடம் சொல்லாதே, மற்றச் சபைக்குப் போகாதே என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். ஜிம் ஜோன்ஸ் என்னும் போதகர் தம் கூட்டத்தாரை அமெரிக்காவிலிருந்து கயானா நாட்டுக் காட்டுக்குள் கொண்டுபோய், உறவினரிடமிருந்து பிரித்து வைத்தார். 1978 நவம்பர் 18ஆம் நாள் அவர் கட்டளையால் அங்கே 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 300 பேர் பிள்ளைகள். எல்லாக் கூட்டமும் அப்படி முடிவதில்லை. ஆனால் அதன் தொடக்கம், கேள்வி கேட்க முடியாத ஒரு தலைவர் என்பதை மறக்கக் கூடாது. நம் குடும்பங்களில் பாட்டி கோவிலுக்குப் போவார், பேத்தி வேதம் படிப்பாள். நல்ல ஆசிரியர் அந்தப் பேத்தியைப் பாட்டிக்கு இன்னும் அன்பாகப் பணிவிடை செய்யச் சொல்வார்.

எல்லாவற்றையும்விட உடனடி ஆபத்து மருந்தை நிறுத்தச் சொல்வது. இனிப்பு நீருக்கு ஊசி போடும் ஒரு தாயிடம், விசுவாசம் இருந்தால் ஊசி எதற்கு என்று ஒருவர் சொன்னால், அவர் உயிரோடு விளையாடுகிறார். லூக்கா ஒரு வைத்தியர் என்று கொலோசெயருக்கு எழுதிய கடிதமே சொல்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு, அக்காலத்தார் மருந்தாகக் கொண்ட திராட்சரசத்தைச் சிறிது அருந்தும்படி பவுல் எழுதினார். ஜெபம் செய்யுங்கள், மருந்தையும் சாப்பிடுங்கள். மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லவேண்டிய காரியம்.

சரி, நல்ல ஆசிரியரை எங்கே தேடுவது? உங்களுக்கு அருகிலுள்ள சபையின் போதகரிடமோ பங்குத் தந்தையிடமோ தொடங்குங்கள். முறையாகப் பயின்ற போதகர்கள் நம் நாடுகளிலேயே இருக்கிறார்கள். 1979இல் தொடங்கப்பட்ட மலேசிய இறையியல் கல்லூரி இப்போது சிரம்பானில் இயங்குகிறது. சிங்கப்பூரின் திரித்துவ இறையியல் கல்லூரி 1948இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை அரசரடியில் 1969 முதல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. பட்டம் பெற்றவர் எல்லாரும் நல்லவர் என்று சொல்லவில்லை. ஆனால் படித்த இடம் தெரிந்தால் விசாரிக்க ஓர் இடம் இருக்கிறது.

புத்தகங்களுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. முதலில், ஒத்தவாக்கியக் குறிப்புள்ள வேதாகமம் ஒன்று. ஒரு வசனத்துக்கு ஒப்பான மற்ற வசனங்கள் எங்கே என்று அதன் ஓரக் குறிப்பு காட்டும். இரண்டாவது, வேறொரு மொழிபெயர்ப்பு. மூன்றாவது, ஊர்ப்பெயரும் பழைய வழக்கங்களும் தெரிய ஒரு வேதாகம அகராதி. இவற்றை மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். வேதாகமச் சங்கத்தாரிடமும் சபைப் புத்தக நிலையங்களிலும் விசாரியுங்கள். விளக்கவுரை வாங்குமுன் எழுதியவர் யார், வெளியிட்டவர் யார் என்று முதல் பக்கத்தைப் பாருங்கள். கைபேசியில் வேதத்தை வாசிக்கக் கேட்கும் வசதி எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குப் பேருதவி. ஆனால் பேச்சிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு நிமிடத் துண்டைக் கேட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக, வீட்டில் படிக்கும் முறை. மாற்கு எழுதிய நற்செய்தியில் 16 அதிகாரங்களே உள்ளன. வாரத்துக்கு இரண்டு அதிகாரம் என்றால் எட்டு வாரத்தில் முடிந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை உரக்க வாசிக்கட்டும், மற்றவர்கள் கேளுங்கள். பிறகு மூன்று கேள்விகள்: இதை யார், யாருக்குச் சொன்னார்? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? இது நம்மை என்ன செய்யச் சொல்கிறது? விளங்காததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆசிரியர் வரும்போது அந்த நோட்டை அவர் முன் வையுங்கள்.

அதைப் பார்த்து ஒருவர் மகிழ்ந்து, சில கேள்விகளுக்கு விடை சொல்லி, சிலவற்றுக்கு எனக்குத் தெரியவில்லை, கேட்டுவந்து சொல்கிறேன் என்றால், அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுங்கள். உங்களுக்கு ஆசிரியர் கிடைத்துவிட்டார்.