மிதிவண்டி உலா வழிகள்

மிதிவண்டி எளியோரின் ஊர்தி. பள்ளி செல்லும் சிறுவரும் வேலைக்குச் செல்லும் தொழிலாளரும் நாள்தோறும் அதனைப் பயன்படுத்துகின்றனர். ஓய்வு நாளில் இயற்கை எழிலைக் கண்டு மகிழவும் அது மிக ஏற்றது. ஆயினும், அவ்வின்பத்தைப் பெற நல்ல வழிகள் வேண்டும்.

நல்ல வழி யாது? மதுரையிலிருந்து மேலூர் செல்லும் நாற்கரச் சாலை நம்மை விரைவில் கொண்டு சேர்க்கும். ஆனால், பேருந்துகளும் சரக்குந்துகளும் விரையும் அச்சாலையில் மிதிவண்டியில் செல்வோர் யானைமலையைக் காண்பரா? பின்னால் வரும் வண்டிக்கு அஞ்சுவரா? ஆகவே, உலா வழிகள் சிற்றூர்ச் சாலைகளையும் கண்மாய்க் கரைகளையும் பற்றிச் செல்லவேண்டும். நெடுஞ்சாலையைப் பாதுகாப்பான இடத்தில் கடக்க வேண்டுமேயன்றி, அதன்மீதே நெடுந்தொலைவு செல்லலாகாது.

இத்தகைய வழிகளை இணைப்பதற்குப் பெல்ஜியம் நாட்டின் லிம்பர்க் மாநிலத்தில் 1995ஆம் ஆண்டு ஓர் எளிய முறை நடைமுறைக்கு வந்தது. அதனை வகுத்தவர் ஹியூகோ போலன் என்னும் சுரங்கப் பொறியாளர். நிலக்கரிச் சுரங்கத்தில் கிளைவழிகள் கூடும் இடங்களுக்கு எண் இடுவதுண்டு. அவ்வாறே மிதிவண்டி வழிகள் கூடும் சந்திகளுக்கும் எண்கள் இடப்பட்டன. செல்வோர் தாம் விரும்பிய எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு, கைகாட்டிகளைப் பார்த்துச் செல்வர். பின்னர் இம்முறை நெதர்லாந்திலும் பரவியது.

இதன் சிறப்பை ஒரு சதுரத்தால் அறியலாம். அதன் நான்கு மூலைகளைச் சந்திகளாகவும், நான்கு பக்கங்களையும் ஒரு மூலைவிட்டத்தையும் வழிகளாகவும் கொள்க. வழிகள் ஐந்தே, ஆயினும் சிறு சுற்று இரண்டும் பெருஞ்சுற்று ஒன்றும் கிடைக்கின்றன. சிறுவர் சிறு சுற்றிலும், வலியோர் பெருஞ்சுற்றிலும் செல்லலாம்.

மதுரைச் சமவெளி இம்முறைக்கு ஏற்ற நிலம். மேடுகள் குறைவு, கண்மாய்கள் பல. படுத்திருக்கும் யானை போன்ற யானைமலையின் அடியில், நரசிங்கத்தில், பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் உள்ளது. இங்கு வழி வகுப்போர் வெயிலை மறத்தலாகாது. மணிக்கு 12 கிலோமீட்டர் செல்வோர்க்கு 24 கிலோமீட்டர்ச் சுற்று இரண்டு மணி நேரமாகும். காலை வெயில் ஏறுமுன் அது முடிதல் நன்று. இடையிடையே நிழலும் குடிநீரும் வேண்டும். மழைக்காலத்தில் சேறாகும் கரைக்கு மாற்றுவழியும் காட்டவேண்டும்.

எங்கே வழி முடியவேண்டும் என்பதையும் திட்டமிடுதல் வேண்டும். மேலூரை அடுத்த அரிட்டாபட்டிப் பகுதி 2022ஆம் ஆண்டு தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள குன்றுகளில் வல்லூறுகள் வாழ்கின்றன. பழந்தமிழ்க் கல்வெட்டும் உண்டு. மிதிவண்டி வழி அங்கே அடிவாரத்தோடு நிற்றல் வேண்டும். கண்மாய்க் கரையும் உழவருக்கு உரியது. மடையையும் கால்நடைகளின் பாதையையும் மறித்தல் தகாது.

புதிய சாலை போட்டு எழிலை அழித்தல் எளிது. உள்ள வழிகளை இணைத்து, எழிலைக் காத்து, அதனை அனைவர்க்கும் காட்டுவதே அறிவுடைமை.