கிமோனோ அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பழைய ஜப்பானிய அஞ்சலட்டைகளைச் சேர்க்க ஆரம்பித்த புதிதில் நான் படத்தை மட்டும்தான் பார்ப்பேன். கிமோனோ கட்டிய ஒரு பெண், கையில் குடை, கன்னத்தில் கையால் தீட்டிய ரோஜா நிறம். என்கிட்ட வந்த முதல் அட்டையில் விற்றவர் பென்சிலால் 'கெய்ஷா, 1900' என்று எழுதியிருந்தார். நானும் நம்பி நோட்டில் அப்படியே குறித்துக்கொண்டேன்.

முதலில் வருஷத்தைப் பார்ப்போம். தனியார் அச்சிட்ட அட்டைகளைத் தபாலில் அனுப்ப ஜப்பானில் அனுமதி கிடைத்தது 1900-ல். 1904–05 ரஷ்யப் போர்க் காலத்தில் பட அட்டை மோகம் நாடெங்கும் பரவியது. அப்போது பின்பக்கம் முழுக்க முகவரிக்குத்தான். சேதி எழுதணும்னா படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டியதுதான். 1907-ல் பின்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேதிக்கு விட்டார்கள். 1918-ல் அது பாதியானது. என் அட்டையில் கோடு சரியாக நடுவில் இருக்கிறது. அப்படின்னா 1918-க்கு முந்தையது இல்லை.

இன்னொரு தடயமும் உண்டு. அஞ்சலட்டைக்கு ஜப்பானில் 'ஹகாகி' என்று பெயர். அதன் நடு எழுத்தை, நம்ம 'க' மாதிரியே, குறி எதுவும் போடாமல் அச்சிட்டுவிட்டு மெல்லிய ஓசையில் படித்துக்கொண்டிருந்தார்கள். 1933-ல்தான் ஓசை வேறுபாட்டைக் காட்டும் இரண்டு சின்னக் கோடுகளைச் சேர்த்தார்கள். என் அட்டையில் அந்தக் கோடுகள் இல்லை. ஆக, 1918-க்கும் 1933-க்கும் இடைப்பட்டது.

அடுத்து 'கெய்ஷா'. இத்தகைய படங்களுக்கு கெய்ஷாக்கள் நிறையவே நின்றார்கள், உண்மைதான். ஆனால் கிமோனோ அன்று எல்லாப் பெண்களும் உடுத்தியது. உடையை மட்டும் வைத்துத் தொழிலைச் சொல்ல முடியாது.

கெய்ஷாவாகவே இருந்தாலும் கதை அதோடு முடிவதில்லை. அட்டைகளில் அதிகம் காணப்படும் முகங்களில் ஒன்று தெருஹா. 1896-ல் பிறந்தவர். காதலனுக்குத் தன் உண்மையை நிரூபிக்கப் பதின்ம வயதிலேயே சுண்டுவிரல் நுனியை வெட்டிக்கொண்டார். பிறகு தோக்கியோ ஷிம்பாஷியில் புகழ்பெற்றார். முப்பதுகளில் துறவு பூண்டு, கியோத்தோவின் கியோஜி ஆலயத்தில் பிக்குணியாக வாழ்ந்து 1994-ல் மறைந்தார். இத்தனை பெரிய வாழ்க்கை, இன்றைக்கு விற்பனைப் பெட்டிகளில் 'ஒரு கெய்ஷா' என்ற இரண்டே சொல்லில் கிடக்கிறது.

என் நோட்டில் பழைய குறிப்பை அடித்துவிட்டேன். இப்போது அங்கே இருப்பது: 'பெயர் தெரியாத பெண், 1918–33.' யாராவது ஒருநாள் அந்தப் பெயரைக் கொண்டுவருவார்கள் என்று பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.